அட்டவணையின் பக்கம் நின்ற எஸ்தர் ராணி

கம்பெனி பஸ் பெரியபாளையத்து ஆற்றுப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது என் கைபேசியில் சாமுவேலின் பெயர் வந்தது. சாமுவேல், எஸ்தர் மேடத்தின் தம்பி. காலை வேளையில் அவன் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. எடுப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "அண்ணா, அக்கா போய்டுச்சிண்ணா. தூக்கத்துலயே போய்டுச்சி" என்றான். ஆபீஸில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தனக்குத் தெரியாது, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றான். நான் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனிடம் பேசி முடிப்பதற்குள் முன் இருக்கைகளில் ஒவ்வொரு கைபேசியாக ஒலிக்கத் தொடங்கிவிட்டது. யாரோ எழுந்துபோய் டிரைவரிடம் பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். 

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். கணினிப் பிரிவில் இருந்தவர்களுக்கு அவர் எஸ்தர் மேடம். பட்டறைப் பக்கம் இருந்தவர்களுக்கு "டேபிள் மேடம்". அந்தப் பட்டப்பெயர் தனக்கு இருப்பது அவருக்கும் தெரியும், கேட்டால் சிரிப்பார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கான இரும்பு உதிரிபாகங்களைக் காய்ச்சி அடித்துத் தரும் எங்கள் ஆலையில், தகவல்கள் அத்தனையும் சேர்ந்திருக்கும் தரவுத்தளத்துக்கு அவர்தான் பொறுப்பு. யார் வேலைக்கு வந்தார், எந்த உலை எவ்வளவு சூட்டில் எரிந்தது, எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறியது என்பதெல்லாம் அவர் கட்டிவைத்த அட்டவணைகளுக்குள்தான் இருந்தன.

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்துவிட்டு, மணவாள நகரில் வீடு கட்டிக்கொண்டு, இந்த ஆலைக்கு வந்து சேர்ந்தவன். வந்த முதல் வாரமே எங்களுக்குள் சண்டை. அந்தச் சண்டை அவர் ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை ஓயவில்லை. இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு அது என்ன சண்டை என்று சொல்லிவிடுகிறேன். தகவலைச் சேர்த்துவைக்கப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அட்டவணை வழி. ஆட்களுக்கு ஒரு அட்டவணை, பிரிவுகளுக்கு ஒன்று, ஷிப்டுகளுக்கு ஒன்று. ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண். அவரைப் பற்றி வேறு எங்கே பேசினாலும் அந்த எண்ணை வைத்துத்தான் பேச வேண்டும். நிரப்ப வேண்டிய கட்டத்தை நிரப்பாமல் விட்டால் உள்ளே விடாது. இன்னொன்று ஆவண வழி. ஓர் ஆளைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி உள்ளே போட்டுவிடலாம். ஒரு மூட்டையைப் போல இன்னொரு மூட்டை இருக்க வேண்டும் என்று இல்லை. வேகமாக வேலை நடக்கும். பின்னால் மாற்றுவதும் சுலபம். நான் இந்த இரண்டாவது வழிக்காரன்.

"இன்னா முரளி சார், ஒரே ஆளோட அட்ரஸு நாலு மூட்டையில இருந்தா, அவன் ஊடு மாறிப்போனா நாலு எடத்துலயும் யாரு போய் மாத்துறது?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார். வேகம் எவ்வளவு கூடும் என்று நான் படம் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "வேகமா தப்பு சொல்றதுக்கு எதுக்கு சார் ஒரு மிஷினு? அத நாமளே செய்வமே" என்றார். அறையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று அடக்கிக்கொண்டேன்.

ஆனால் அவர் பிடிவாதக்காரர் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. உலைகளில் சூட்டை அளக்கும் கருவிகள் வந்தபோது, ஒவ்வோர் உலைக்கும் ஒவ்வொரு கம்பெனியின் கருவி. ஒன்று சூட்டை மட்டும் சொல்லும், ஒன்று எண்ணெயின் அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லும், ஒன்று நாம் கேட்காததையெல்லாம் சொல்லும். அவற்றை அட்டவணைக்குள் அடைக்க நாள் கணக்கில் முயன்று பார்த்தார். ஒரு நாள் மதியம் என் மேஜைக்கு வந்து, சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "இதுக்கு உன்னுதுதான் சரி. மூட்ட கட்டிடு" என்றார். அன்றுதான் முதல் தடவையாக என்னை 'சார்' போடாமல் பேசினார். தோற்றதாக முகத்தில் ஒரு குறியும் இல்லை. டப்பாவிலிருந்த வஞ்சிர வறுவலில் பாதியை எனக்கு எடுத்துவைத்தார்.

அட்டவணை மேல் அவருக்கு அத்தனை பற்று ஏன் என்பது எனக்கு வெகுநாள் தெரியாமல் இருந்தது. என் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. திருப்பாச்சூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு; அப்பா இன்னும் அதைப் பார்த்துக்கொள்கிறார். விருந்தினர்களிடம் ஊர், பெயர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பது அவர் பழக்கம். எஸ்தர் மேடத்திடமும் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் கூசியது. அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. தன் ஊர் கவரைப்பேட்டைப் பக்கத்துக் காலனி என்றும், தன் அப்பா உங்களைப் போன்றவர்களின் நிலத்தில் நடவு வேலை பார்த்தவர் என்றும், ஆலைகள் வந்த பிறகு அங்கே கூலிக்குப் போனவர் என்றும் சொன்னார்.

ஆலைக்குப் போனாரே, வேலை நிரந்தரமானதா என்று அப்பா கேட்டார்.

"இல்ல பெரியவரே. எங்க நைனா பேரு ஏசுதாசு. ஒரு காண்ட்ராக்டரு ஏசுன்னு எழுதினான். ஒருத்தன் தாஸுன்னு எழுதினான். இன்னொருத்தன் ஜேசுன்னு. ஒரே கம்பெனியில, ஒரே மிஷினுல, எங்க நைனா மூணு ஆளா இருந்தாரு. மூணு ஆளுக்கும் சர்வீஸு கெடையாது."

அப்பா அன்று பந்தியில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். எஸ்தர் மேடம் புறப்படும்போது வாசல் வரை போய் வழியனுப்பினார். அது அவர் வழக்கமாகச் செய்வதல்ல.

ஆலையின் நுழைவாயிலுக்குப் புதிய பதிவு முறை வந்தது இதற்குப் பிறகுதான். வெளியாள் ஒருவரிடமிருந்து நிர்வாகம் வாங்கிய மென்பொருள் அது, ஆவண வகை. பழைய அட்டவணை முறையில் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பதிவது பெரும் பாடாக இருந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளில் பலருக்கு ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் இல்லாமல் கட்டம் நிரம்பாது; கட்டம் நிரம்பாமல் ஆளைப் பதிய முடியாது. வாயிற்காவலர்கள் வெறும் புள்ளிகளைத் தட்டி நிரப்பினார்கள். அவசரமென்றால் பதியாமலே உள்ளே விட்டார்கள். புது முறையில் அந்தத் தொல்லை இல்லை. சொன்ன பெயரை அப்படியே தட்டினால் போதும். நான் அதை ஆதரித்தேன். எஸ்தர் மேடம் எதிர்த்தார். அவர் பயந்ததுபோலவே சில மாதங்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் இரண்டு மூன்று பேராக உள்ளே இருந்தார். ஷிப்ட் முடிந்தும் திரையில் யாராவது உள்ளே மிச்சம் நின்றால், "டபுள் என்ட்ரி" என்று தள்ளிவிடுவது எல்லோருக்கும் பழகிப்போனது.

ஒரு நாள் மதிய ஷிப்டில், காய்ச்சிய இரும்பை எண்ணெயில் தோய்க்கும் பிரிவில் தீப்பிடித்தது. எண்ணெய்ப் புகை. கூரைக்கு மேல் கருப்பாக எழுந்ததை ரயில் நிலையத்திலிருந்தே பார்த்தார்கள். நாங்கள் எல்லோரும் மைதானத்தில் கூடினோம். நிரந்தரத் தொழிலாளர்களை அந்தந்தப் பிரிவு மேற்பார்வையாளர்கள் முகம் பார்த்து எண்ணிவிட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களில் பாதிப் பேர் பின்கேட் வழியாகச் சாலைக்கு ஓடிவிட்டிருந்தார்கள். மைதானத்துக்கு வந்தவர்களையும் பின்கேட்டில் ஓடியவர்களையும் காவலர்கள் வெளியேறியதாகத் தட்டிவிட்டிருந்தார்கள்; அவர்களுக்கு வாயில் திரைதான் கணக்கு. திரை, விகாஸ் என்ற ஒரே ஒருவர் உள்ளே இருப்பதாகக் காட்டியது. பாதுகாப்பு அதிகாரி உடனே அந்தப் பிள்ளையின் எண்ணுக்குப் போன் செய்தார். விகாஸ் தன் அறையில் சோறு தின்றுகொண்டிருந்தான். மதியமே ஷிப்ட் முடிந்து போய்விட்டதாகச் சொன்னான்.

அதிகாரிக்கு நிம்மதி. பெயர் தப்பாக ஏறியிருக்கிறது, உள்ளே யாரும் இல்லை என்று தீயணைப்புக்காரர்களிடம் சொல்லத் திரும்பினார். எஸ்தர் மேடம் குறுக்கே போய் நின்றார். கையில் கேட் பதிவு ஓடும் கைக்கணினி.

"இது டபுள் என்ட்ரி இல்ல சார். விகாஸு மதியம் வெளிய போனப்போ கேட்ல எவன் பேரையோ அமுக்கியிருக்காங்க. அந்த எவனோதான் உள்ள கீறான்."

அதிகாரி அவரை விலகச் சொன்னார். கத்தினார் என்றே சொல்ல வேண்டும். அவர் விலகவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். மதியம் வெளியேறியதாகப் பதிவானவர்களை இருவரும் ஒவ்வொருவராகப் பார்த்தோம். பிகாஷ் என்ற பெயரில் அவர் விரல் நின்றது. விகாஸ், பிகாஷ். அடுத்தடுத்துத் திரையில் இருந்த இரண்டு பெயர்கள். தோய்ப்புப் பிரிவின் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, பிகாஷ் மதியமே கிளம்பிவிட்டானா என்று கேட்டார். அந்த மனிதர் யோசிக்கக்கூட இல்லை. இல்லையே, சாப்பாட்டுக்குப் பிறகு அவனைக் கீழே பம்ப் அறையில் வடிகட்டியைக் கழுவ அனுப்பினேனே, பின்கேட் பக்கம் ஓடியிருப்பான் என்று நினைத்தேன் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன்.

தீயணைப்பு வீரர்கள் முகமூடியுடன் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். எஸ்தர் மேடம் அந்தக் கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது, ஜெபம் என்று நினைக்கிறேன். பிகாஷைப் படிக்கட்டின் அடியிலிருந்து தூக்கிவந்தார்கள். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு அவர் மைதானத்துப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். அட்டவணைதான் சரி என்று நிரூபித்துவிட்டீர்கள் என்று நானே சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "தப்பா பேசாத முரளி. பழைய டேபிளா இருந்தா அவன் பேரே ஏறியிருக்காது. கட்டம் நெறயலன்னு அப்பிடியே உள்ள உட்டிருப்பாங்க. எல்லாரும் வெளிய வந்துட்டாங்கன்னு திரை சுத்தமா சொல்லியிருக்கும். உன் மூட்டையிலதான் அவன் பேரு கொறஞ்சபட்சம் இருந்துச்சி" என்றார். பிறகு சொன்னதை நான் பல கூட்டங்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன்: "ஆளு யாருங்கறதுல கறாரா இருக்கணும். அவன் எப்பிடிப்பட்டவங்கறதுல தாராளமா இருக்கணும்." அதன்படியே இருவரும் உட்கார்ந்து புதிதாகச் செய்தோம். ஆளுக்கு ஓர் எண், ஒரு முகம், அது அட்டவணையில். மற்றதெல்லாம் ஆவணத்தில், அவரவர் சொன்னபடி. இன்றும் நம் கேட்டில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

பிகாஷ் குணமாகி வந்த அன்று எங்கள் அறைக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். எஸ்தர் மேடம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவன் பெயரை அவனையே சொல்லச் சொன்னார். பிறகு தான் சொல்லிப் பார்த்தார். அவன் தலையாட்டித் திருத்தினான். மறுபடி சொன்னார். அவன் சிரிக்கும்வரை விடவில்லை. அவன் சொந்த எழுத்திலேயே எழுதச் சொல்லி அதையும் சேர்த்துப் பதிந்தார். இப்போது அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நல்ல வேலையில் இருக்கிறான்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது நாற்பத்தைந்தைக்கூட அவர் தாண்டவில்லை. சிகிச்சைக்கு நடுவிலும் வேலைக்கு வந்தார். கடைசியில் வர முடியாமல் போனது. போன மாதம் அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலையில் துணி சுற்றியிருந்தது. கை மணிக்கட்டு என் மகளுடைய மணிக்கட்டு அளவுக்கு ஆகியிருந்தது. அவருடைய அம்மா டீ கொடுத்துவிட்டு, நாங்கள் பேசட்டும் என்று வெளியே போனார். ஆபீஸ் கதை முழுக்கச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களை நாங்கள் மறக்க மாட்டோம் என்று, சொல்லக்கூடாத ஒன்றை நான் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "மறந்தா மறந்துட்டுப் போ, பரவால்ல. தப்பா மட்டும் ஞாபகம் வெச்சிக்காத" என்றார்.

நான் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் வெகுநேரம் நின்றேன்.

அதனால் சரியாகவே சொல்கிறேன். அவர் சுலபமான மனுஷி அல்ல. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை நோய் வரும்வரை யாரிடமும் கொடுக்கவில்லை. அதனால் எங்களுக்குப் பேஜாரான நாட்கள் உண்டு. கோபம் வந்தால் எதிரில் இருப்பவர் வயதைப் பார்க்க மாட்டார். பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணைக் கூட்டத்தில் அழவைத்தார். மறுநாள் மன்னிப்புக் கேட்கவில்லை, பதிலாக அவளுக்கு மீன் குழம்பு கொண்டுவந்தார். ஜோக் சொல்லத் தெரியாது; பாதியிலேயே தானே சிரித்துவிடுவார். கல்யாணம் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான், அது உங்களுக்கே தெரியும், இங்கே எழுத முடியாது.

அடக்கத்துக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். ஆலை இரண்டு பஸ் விட்டது. தேவாலயத்தில் இடம் போதாமல் பட்டறைக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். பிரசங்கம் முடிந்து பெட்டியைத் தூக்கியபோது அவருடைய அப்பா ஏசுதாஸ் ஐயாவால் எழுந்திருக்க முடியவில்லை. என் அப்பா அவருக்கு ஒரு பக்கம் கைகொடுத்தார். இரண்டு கிழவர்களும் கல்லறைத் தோட்டம் வரை சேர்ந்தே நடந்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு கூட்டம். ஆலையின் முதலுதவி நிலையத்துக்குப் புதிய பதிவு முறை வேண்டும் என்றார்கள். நான் ஒரு திட்டத்தைச் சொன்னேன். முழுக்க ஆவண முறை, வேகமாக முடித்துவிடலாம். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எங்கள் பிரிவுப் பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கிறது சார் என்றார்கள். மேலாளர் சரி என்றார். அவரவர் கணினியை மூட ஆரம்பித்தார்கள். எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் அன்று வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை ஒருவரும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவர் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பொருளாக எதுவும் இல்லை. எதிரே உட்கார்ந்து இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்ற அந்த எண்ணத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரையும் உட்காரச் சொன்னேன். காயம்பட்டு மயக்கத்தில் வருபவன் தன் பெயரைச் சொல்ல முடியாதே, அவன் யார் என்று எப்படித் தெரியும், வேறு யாருடைய மருந்தையாவது அவனுக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று என் திட்டத்துக்கு எதிராக நானே பேச ஆரம்பித்தேன். அவரைப் போல எனக்குப் பேச வராது.  ஆனாலும் ஒரு பிள்ளை பதில் சொன்னான்; அவனை இன்னொருத்தி மறுத்தாள். கூட்டம் அன்று சீக்கிரம் முடியவில்லை.